கயிற்றைப் பிடித்திருந்தவர்கள்

கொற்கைக்கு முதன்முறை போகிறவரைத் திகைக்கவைப்பது அங்கே கடல் இல்லாததுதான். வயலும் குளமும் பனையுமாக ஒரு சிற்றூர். பாண்டியரின் பெருந்துறை இதுவே என்றால் நம்பச் சற்று நேரம் பிடிக்கிறது. தாமிரபரணி ஆண்டாண்டாய்க் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலைச் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. துறை பழையகாயலுக்கு நகர்ந்தது. அங்கும் மண் சேர்ந்தபோது புன்னைக்காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் வந்து சேர்ந்தது. இன்று வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் பெட்டிகளை இறக்கும் பாரந்தூக்கிகளைப் பார்த்து வளரும் பிள்ளைகள், இப்படிப் பலமுறை இடம் பெயர்ந்த ஒரு துறைமுகத்தின் வாரிசுகள். ஓய்ந்துபோன ஒன்றை மறுபடி எழுப்புவது எப்படி என்பது அவர்களுடைய குடும்பக் கதை. அதனால்தான், அவர்களில் பலர் படிப்பு முடிந்ததும் கையில் எடுக்கும் ஒரு கருவியின் கதையை இந்தக் கரையில் நின்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தக் கருவியின் பெயர் கோட்இக்னைட்டர். இணையதளம் கட்டுகிறவர்களுக்கான ஒரு பிரேம்வொர்க். கொத்தனாருக்குச் சாரம் எப்படியோ அப்படி. கட்டடம் எழும்பிய பிறகு யார் கண்ணிலும் படாது. ரிக் எல்லிஸ் என்பவரின் எல்லிஸ்லேப் நிறுவனம் 2006 பிப்ரவரியில் இதை வெளியிட்டது. பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது, எடை குறைவு, விலை மலிவான சர்வரிலும் ஓடும், ஆசிரியர் இல்லாமலேயே படித்துக் கற்றுக்கொள்ளும்படி தெளிவான கையேடு. பெரிய நிறுவனத்தின் பயிற்சி கிடைக்காத சிற்றூர் இளைஞருக்கு அந்தக் கையேடே கல்லூரியாக இருந்தது. இந்தியாவின் சிறுநகரங்களில் எத்தனையோ பள்ளிகளும் கடைகளும் அலுவலகங்களும் தம் தளங்களை இந்தச் சாரத்தின் மேல் எழுப்பிக்கொண்டன. மூலநிரல் திறந்து கிடந்தது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

இந்தக் கருவிக்குப் பின்னர் நேர்ந்ததைச் சொல்லுமுன், இந்தக் கரையின் முத்துக்குளிப்புக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் அடியில் கிடக்கும் சிப்பித் திட்டுகளைப் 'பார்' என்பது கடற்கரை வழக்கு. தொள்ளாயிரம் பார் என்று ஒன்றின் பெயர். முத்துக்குளிக்கும் பருவத்துக்குச் 'சலாபம்' என்று பெயர். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ் என்ற கடற்பயணக் கையேடு, கொற்கைப் பகுதியில் தண்டனைக் கைதிகளை இறக்கி முத்துக் குளித்ததாகக் குறித்து வைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த ஏற்பாடு வேறு: வணிகர்கள் குழுவாகக் கூடி ஆள் சேர்க்கிறார்கள், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள், 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், அதன்பின் ஆங்கிலேயர். குளிப்பவர் காலில் மாட்டி இறங்கும் கல்லே கணக்கின் அலகானது. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், பரதவரின் சாதித் தலைவருக்கு இத்தனை கல் என்று பங்குகள் எழுதப்பட்டன. கணக்கெழுதும் மொழி மாறிக்கொண்டே இருந்தது. மூச்சடக்கிக் கீழே போனவர்கள் பெரும்பாலும் இதே கரையின் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும்.

ஆனால் சலாபம் ஆண்டுதோறும் நடந்ததல்ல. வரலாற்றில் நடந்த ஆண்டுகளைவிட நடக்காத ஆண்டுகளே மிகுதி. சிப்பி ஒருமுறை கொட்டிக் கிடக்கும். அடுத்த பத்தாண்டு பார் வெறுமையாகக் கிடக்கும். நீரோட்டம், மணல், மீன், நோய் எனக் காரணம் தேடி அறிஞர்கள் நூல் நூலாக எழுதினார்கள். எட்கர் தர்ஸ்டன் எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் தம் அறிக்கையைத் தந்தார். 1920களின் கடைசிச் சலாபங்களுக்குப் பிறகு நெடிய அமைதி. 1955இல் பார்கள் மீண்டும் சிப்பியால் நிறைந்தன; 1961 வரை தொடர்ந்து குளித்தார்கள். அதன்பின் இன்றுவரை தூத்துக்குடியில் சலாபம் இல்லை.

அந்த வெறுமையான ஆண்டுகளில்தான் எனக்கு ஆர்வம். யாரும் முத்தெடுக்காத காலத்திலும் பார்களைப் பார்வையிடப் படகு போனது. குளிப்பவர் இறங்கிச் சிப்பிகளை அள்ளிவருவார். வயது பார்ப்பார்கள், எண்ணுவார்கள், திறந்து முத்தை மதிப்பிடுவார்கள். இளஞ்சிப்பி என்றால் 'இன்னும் பொறு' என்று எழுதிவிட்டுத் திரும்புவார்கள். நாலைந்து வயதாகாத சிப்பியில் நல்ல முத்து இராது. அதற்கு மேல் விட்டுவைத்தால் சிப்பியே செத்துவிடும். பெருமையோ வருமானமோ இல்லாத வேலை இது. இதைச் செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை.

கோட்இக்னைட்டரின் வெறுமை 2011 வாக்கில் தொடங்கியது. தாய் நிறுவனத்துக்குத் தன் விற்பனைச் சரக்கே முதல் கவலை. அடுத்த பதிப்பு வருகிறது வருகிறது என்று நாட்கள் ஓடின. உரிமத்தை மாற்றப்போவதாக அறிவித்ததில் பலருக்கு மனக்கசப்பு. உள்நுழைவு வசதி உள்ளேயே அமைந்த ஒரு பிரேம்வொர்க் வேண்டுமென்று விரும்பிய டெய்லர் ஓட்வெல் அந்த ஆண்டு ஜூனில் லாரவெல்லை வெளியிட, கூட்டம் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. 2007இலேயே கோட்இக்னைட்டரிலிருந்து பிரிந்து தனிப்படகு விட்ட கோஹானாவும் பின்னாளில் ஓய்ந்துபோனது. 2013 ஜூலையில் எல்லிஸ்லேப் மனம் திறந்து அறிவித்தது: இதற்குரிய கவனத்தைத் தர எங்களால் இயலவில்லை, பொறுப்பேற்க வேறு கை தேடுகிறோம் என்று. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். எத்தனையோ திட்டங்கள் இந்த ஒரு வரி எழுதப்படாமலேயே செத்துக் கிடக்கின்றன. அப்பாச்சி அறக்கட்டளை அப்படிப்பட்டவற்றுக்கென்றே 2008இல் ஓர் இடம் ஒதுக்கி அதற்குப் 'பரண்' என்று பொருள்படப் பெயரும் வைத்தது. ஓய்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, தூசி தட்டி எடுத்துவைக்கிற மரியாதை அது.

வாங்க ஆளில்லாத அந்த இடைக்காலத்திலும் ஓரிரு தன்னார்வலர்கள் நிரலைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். பிழைகளைப் படித்தார்கள், பிஎச்பி மொழி மாற மாற, ஒத்துவராத வரிகளைச் சரிசெய்தார்கள். பார் பார்வையிடும் படகுதான் அது. 2014 அக்டோபரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி பொறுப்பேற்றது. அங்கே ஆசிரியராக இருந்த ஜிம் பாரி திட்டத்தின் தலைமையை ஏற்றார். அடுத்த மார்ச்சில் மூன்றாம் பதிப்பு, எல்லோருக்கும் இலகுவான எம்ஐடி உரிமத்தில் வந்தது. புதுமை என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. பழைய தளங்கள் உடையாமல் ஓடின. அந்த நேரத்தில் தேவைப்பட்டதும் அதுவே.

இங்கே நம் ஊரின் இன்னொரு நினைவு வந்து நிற்கிறது. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கமும் பொதுமக்களின் சொத்துதான்: 25 ரூபாய்ப் பங்குகள் 40,000 எனத் திட்டமிட்டு, பத்து லட்சம் மூலதனம். 1908 மார்ச்சில் அவர் சிறை சென்றபோது கயிற்றைப் பிடிக்க உறுதியான கை இல்லாமல் போயிற்று; 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது, கப்பல்கள் விலைபோயின. கப்பலை விற்றுவிட்டால் பங்குதாரருக்கு மிஞ்சுவது காகிதம். திறந்த நிரலை அப்படி விற்றுத் தீர்த்துவிட முடியாது. ஒவ்வொருவர் கணினியிலும் முழுக் கப்பலும் இருக்கிறது. ஆனாலும் செலுத்த ஆள் வேண்டும், யார் செலுத்துவது என்பதில் உடன்பாடு வேண்டும். அதை உரிமம் எழுதித் தராது.

முத்துக்குளிப்பவர் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று கடற்கரையில் இன்றும் சொல்வார்கள். தங்கையின் தாலிக்காகவாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. நிரலுக்குள் இறுதி மாற்றம் செய்யும் அனுமதி யாரிடம், முகவரியின் சாவி யாரிடம், அவர் நோயுற்றால் அடுத்து யார் என்ற கேள்விகளும் இந்தக் கயிறு பற்றியவையே. ஓய்ந்த திட்டத்தை எழுப்பத் துடிக்கும் இளைஞர்கள் முதல் வாரமே புதிய வசதிகளைக் குவிக்கிறார்கள். சிப்பியை எண்ணுவதற்கு முன்பே கல்லைக் கட்டி இறங்குவது போல. அந்த அவசரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பார்கள் வெறுமையாகக் கிடந்த காலங்களில் குளிக்கும் கலை அழியாமல் காத்தது சங்கு. முத்து இல்லாதபோது அதே மக்கள் சங்குக்குக் குளித்தார்கள்; மூச்சும் கயிறும் நீரோட்டம் பற்றிய அறிவும் அப்படித்தான் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தன. பழைய கோட்இக்னைட்டர் தளங்களைப் பெயரில்லாமல் பேணிவந்த ஆயிரக்கணக்கான கைகளும் அந்தத் திட்டத்துக்குச் சங்குக் குளியாகவே இருந்தன. முத்தோ வேறு வடிவில் திரும்பி வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை விளைவித்தார்கள். 1981இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கினார்கள். கடல் தரும்வரை காத்திராமல் விதையிலிருந்தே தொடங்குவது அந்த வழி.

கோட்இக்னைட்டரின் நான்காம் பதிப்பும் அவ்வாறே அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. அதற்குள் 2019இல் திட்டம் கல்லூரியின் கையிலிருந்து தனி அறக்கட்டளைக்கு மாறியிருந்தது. ஒரு நிறுவனத்தின் மனநிலையையோ ஒரு மனிதரின் ஆயுளையோ நம்பியிராதபடி ஓர் ஏற்பாடு. 2020 ஜனவரி 15 அன்று ஜிம் பாரி காலமானார். பதிப்பு ஏறக்குறைய ஆயத்தமாக இருந்தது. கூட இருந்தவர்கள் ஐந்தாறு வாரங்கள் மேலும் உழைத்து, அவருடைய பிறந்தநாளான பிப்ரவரி 24 அன்று அதை வெளியிட்டார்கள்.