லென்ஸோடு தண்ணீரில் இறங்காதீர்கள்

மூக்குக்கண்ணாடி போடுகிறவர் நீந்தவேண்டுமென்றால் கொண்டாக்ட் லென்ஸைப் போட்டு, அதன்மேல் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள். தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது, நீச்சல் கண்ணாடி அதை உள்ளே விடாதே, பவர் வைத்த நீச்சல் கண்ணாடியெல்லாம் நமக்குச் சரிவராதே என்று காரணமும் காட்டுகிறார்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட நிற்காது. நீச்சல் என்றாலே ஓடையும் ஆறும் என்றிருக்கும், இலங்கையின் மாத்தளைப் பக்கத்து யட்டவத்த போன்ற ஊர்களில் இந்த யோசனை கண்ணுக்கே உலை வைத்துவிடும்.

முதலில் தண்ணீர். மலைத்தண்ணீர் பளிங்குபோல் இருப்பதால் மாசில்லை என்று நம்புகிறோம். மாத்தளைப் பக்கத்தில் பாயும் சுதுகங்கையையே பாருங்கள். கண்டி நகரைத் தாண்டி வரும் மகாவலி நீர், 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து இந்த ஆற்றில்தான் சேர்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று: அகந்தமீபா என்ற நுண்ணுயிர் ஆறு, கிணறு, குழாய்த்தண்ணீர் எல்லாவற்றிலும் வாழக்கூடியது. ஓடு கட்டிக்கொண்ட நிலையில் அதை நீச்சல்குளத்துக் குளோரினும் எளிதில் கொல்லாது. லென்ஸ் இல்லாத கண்ணை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. இமைக்கும்போது கண்ணீர் கழுவிவிடும். மென்மையான லென்ஸோ பஞ்சுபோல் நீரை உறிஞ்சி, கிருமியைக் கருவிழிப் படலத்தோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. உப்பில்லாத நீர் பட்டால் லென்ஸ் கண்ணோடு இறுகி ஒட்டவும் செய்யும்; அதைப் பிய்த்து எடுக்கையில் படலத்தின் மேல்தோல் உரிந்து கிருமிக்கு வாசல் திறக்கிறது. அமெரிக்காவில் அகந்தமீபா கண் தொற்றுக்கு ஆளானவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் லென்ஸ் போடுகிறவர்கள். இதற்கு மாதக்கணக்கில் இரவும் பகலும் சொட்டுமருந்து விடவேண்டும். முற்றினால் படலத்தையே மாற்றவேண்டும். 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கம் உள்ள நாட்டில் அதற்கென்ன குறை என்று யாரும் ஆறுதல் கொள்ளவேண்டாம்; கிருமி அடங்காத கண்ணில் ஒட்டிய புதுப் படலத்தையும் அது பற்றிக்கொள்ளலாம்.

மேலே நீச்சல் கண்ணாடி இருக்கிறதே என்பார்கள். ஓரம் இறுகப் பதிந்திருக்கும்வரைதான் அது காவல். பாறையிலிருந்து குதித்தாலோ, உள்ளே படிந்த நீராவியைத் துடைக்க ஒருமுறை தூக்கினாலோ, தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஒருநாள் பாவித்து வீசும் லென்ஸ், மாதக்கணக்கில் வைத்துப் பாவிப்பதைவிட நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கரையேறியதும் கழற்றி எறிந்தால் ஆபத்து குறையும். ஆனால் குறைந்த ஆபத்தைக்கூட ஏற்கவேண்டிய தேவை என்ன?

பவர் வைத்த நீச்சல் கண்ணாடி இருக்கும்போது அந்தத் தேவையே இல்லை. கண்ணின் பெரும்பகுதி பவர், காற்றும் கருவிழிப் படலமும் சந்திக்கும் இடத்தில் பிறக்கிறது. நீர் நேரே பட்டால் சுமார் 40 டயொப்டர் காணாமற்போகும். நல்ல பார்வை உள்ளவருக்கும் எல்லாம் கலங்கலாகத் தெரிவது அதனால்தான். நீச்சல் கண்ணாடி கண்ணுக்கு முன்னால் காற்றைத் திரும்ப வைக்கிறது. எனவே தரையில் போடும் பவரே அங்கும் வேலை செய்யும். மைனஸ் ஒன்றுக்குள் இருப்பவர்களுக்குச் சாதாரண நீச்சல் கண்ணாடியே பெரும்பாலும் போதும். அதற்கு மேல், மைனஸ் 1.50இலிருந்து 8 வரை, அரை அரையாக ஆயத்த வில்லைகள் வருகின்றன. 'சிலிண்டர்' பவர் உள்ளவர்களுக்கு இது உதவாது என்பதும் முழு உண்மையல்ல: சிலிண்டரில் பாதியை மற்றப் பவரோடு கூட்டினால் நீந்தப் போதுமான தெளிவு கிடைக்கும். கண் பரிசோதனைத் துண்டில் மைனஸ் 3.00, சிலிண்டர் மைனஸ் 1.00 என்றிருந்தால், மைனஸ் 3.50 வில்லை. சிலிண்டர் மிகக் கூடியவர்களும் பிளஸ் பவர்காரர்களும் கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்விக்கவேண்டிவரலாம், அது செலவுதான். அதற்கு லேசர் சிகிச்சையே செய்யலாமே என்றால், பதினெட்டு வயதுக்குட்பட்ட, பவர் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அதைப் பேசவே வேண்டாம்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்படியே இறங்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஆற்றில் வழுக்குவது பெரும்பாலும் நீந்தும்போதல்ல, பாசி படிந்த கல்லில் கால் வைக்கும்போது. பவர் நீச்சல் கண்ணாடியைக் கரையிலேயே மாட்டிக்கொண்டால் கல்லும் தெரியும், நீரின் இழுப்பும் தெரியும், எதிர்க்கரையில் கை காட்டிக் கூப்பிடும் அம்மாவும் தெரிவார். இரு கண்ணுக்கும் பவர் வேறென்றால் இரு வில்லைகளையும் தனித்தனியே வாங்கிப் பொருத்தும் வகையைக் கேளுங்கள். அடுத்த வருடம் பிள்ளையின் ஒரு கண்ணில் பவர் ஏறினால், அந்த ஒரு வில்லையை மட்டும் மாற்றலாம்.