பாலத்திற்கு முன் சுங்கம் சீராகட்டும்

தமிழகத்தையும் இலங்கையையும் தரைவழியே இணைக்க வேண்டும் என்னும் பேச்சு மீண்டும் மீண்டும் எழுகிறது. 2023 ஜூலை 21 அன்று புதுதில்லியில் இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட தொலைநோக்கு ஆவணத்திலும் அது இடம்பெற்றது. சாத்தியக்கூறு ஆய்வு நடத்தவும் இசைவு காணப்பட்டது. பாலம் அமைவதை நாம் வரவேற்கிறோம். ஆயினும், அதன் நீளமும் செலவும் பேசப்படும் அளவுக்கு, இரு முனைகளிலும் இயங்க வேண்டிய சுங்க முறை பேசப்படவில்லை. முன்னதாக முடிவு செய்யப்பட வேண்டியது சுங்க முறையே.

இதன் இன்றியமையாமையைத் தூத்துக்குடி மாவட்டப் புதூர் வட்டாரம் உணர்த்தும். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி எனப் பரந்து கிடக்கும் இந்தக் கரிசல், வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பியிருந்து, தை முதல் மிளகாய்ப் பழம் பறிக்கும் மானாவாரி உழவருக்கு ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை. களத்தில் காய்ந்த வத்தல் நிறம் மங்காதிருந்தால்தான் விலை. மூட்டைகள் துறைமுகத்தருகே தேங்கினால் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு விளையும். அது வரம்பு கடந்தால் ஏற்றுமதிச் சரக்கு திருப்பி அனுப்பப்படும். இந்த இடரையெல்லாம் முன்கூட்டியே கணக்கிடும் வணிகர், அதைக் கொள்முதல் விலையில் கழித்துக்கொள்கிறார். எல்லையில் நேரும் தாமதம் இறுதியில் உழவர் தலையிலேயே விடிகிறது.

சாலை இருந்தும் சுங்கம் சீராகாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் எல்லை சான்று. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே அங்கே கடல் குறுக்கிடவில்லை. 2016இல் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியும் திறக்கப்பட்டது. எனினும், அந்த எல்லையைக் கடக்கப் பல நாட்கள் ஆவதாக 2021இல் உலக வங்கி சுட்டிக்காட்டியது. அதே அளவு போக்குவரத்துள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்திற்குள் பணி முடிவதையும் அது எடுத்துரைத்தது. இந்திய லாரிகள் மறுபுறமுள்ள பெனாபோலில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப, வங்கதேச லாரிகள் அதை ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றவே இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான் ஆகிய நான்கும் 2015 ஜூனில் திம்புவில் மோட்டார் வாகன ஒப்பந்தம் செய்தன. பூட்டானின் ஒப்புதல் கிட்டாமையால் அது முழுமை பெறவில்லை.

மாற்று வழியும் உலகின் கண்முன் உள்ளது. சாம்பியாவும் ஜிம்பாப்வேயும் 2009இல் சிருண்டு எல்லையில் கூட்டுச் சோதனை நிலையத்தைத் தொடங்கின. இரு நாட்டு அலுவலர்களும் ஒரே இடத்தில் பணியாற்ற, இரு முறை நடந்த சோதனை ஒரே நிறுத்தத்தில் முடிகிறது. இத்தகைய ஏற்பாடு நம் மண்ணுக்கும் புதிதன்று. பிரிட்டிஷ் ஆட்சியில், தோட்டத் தொழிலுக்குச் சென்ற தமிழர்களை இலங்கை அரசின் அலுவலர்கள் இக்கரையிலேயே, மண்டபம் முகாமில் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்து அனுப்பினர். அன்று கூலிகளாய்ச் சென்ற மக்கள்மீது அது சுமையாக விழுந்தது. அயல்நாட்டு அலுவலர் புறப்படும் கரையிலேயே சோதனையை முடிக்கும் அந்த முறையை, இன்று சரக்குக்கு நன்மையாக மாற்ற முடியும்.

வரியைப் பற்றியும் நடுநிலையோடு பேச வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இலங்கை, செத்தல் மிளகாய் உள்ளிட்ட பண்டங்களுக்குச் சிறப்புப் பண்ட வரி விதித்து வந்திருக்கிறது. வர்த்தமானி அறிவிப்பு ஒன்றால் அதை ஏற்றவும் இறக்கவும் இயலும். இதைப் பகைமை எனக் கொள்வது தவறு. புதூரை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் இலங்கையின் உலர் வலயத்தையும் நனைக்கிறது. அங்குள்ள உழவரைக் காப்பது அந்நாட்டின் கடமை. நம் நிலையும் அதுவே. மியான்மரிலிருந்து ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து இறக்குமதி செய்ய 2021இல் இந்தியா உடன்பட்டது. நம் கரிசலில் உளுந்து அறுவடையாகும் நாளில் அயல் உளுந்து வந்து குவியலாகாது என நாம் கோருகிறோம். நமக்குக் கேட்கும் நியாயத்தை அவர்களுக்கு மறுக்க இயலாது. இரு கரை உழவருக்கும் கேடு செய்வது வரியைக் காட்டிலும், அது எப்போது மாறும் என்று தெரியாத நிலையே. விதைக்கும்போது ஒரு கணக்கும் விற்கும்போது வேறொரு கணக்கும் எனில் எவரும் திட்டமிட்டுப் பயிரிட முடியாது.

ஆகவே இரு அரசுகளும் மூன்று செயல்களில் இறங்க வேண்டும். முதலாவதாக, அறுவடைக் காலங்களை ஒட்டிய வரி அட்டவணையை விதைப்புக்கு முன்பே, ஆவணி முடிவதற்குள், வெளியிட வேண்டும். இரண்டாவதாக, தூத்துக்குடியில் நறுமணப் பொருள்கள் வாரியம் நடத்தும் ஆய்வகத்தின் சான்றைக் கொழும்பு ஏற்கவும், இலங்கை ஆய்வகச் சான்றை நாம் ஏற்கவும் உடன்பாடு வேண்டும். ஒரே சரக்கை இரு முறை சோதிப்பது நிற்க வேண்டும். மூன்றாவதாக, கூட்டுச் சோதனை நிலையத்தைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் முதலில் நிறுவ வேண்டும். பாலம் வருமானால் அதே முறை அங்கும் தொடரலாம். தமிழக அரசு தன் பங்காக, புதூரிலும் விளாத்திகுளத்திலும் போதிய உலர்களங்களையும் ஈரம் புகாக் கிடங்குகளையும் அமைத்துத் தர வேண்டும். மூலத்தில் கெட்ட வத்தலை எந்தச் சுங்கச் சீர்திருத்தமும் காப்பாற்றாது.

கடலின்மேல் பாலம் எழப் பல்லாண்டுகள் ஆகலாம். மேற்கூறிய மூன்றுக்கும் கடலில் ஒரு தூண்கூட நாட்ட வேண்டியதில்லை. இரு தலைநகரங்களும் மனம் வைத்தால், கரிசலில் அடுத்த விதைப்பு தொடங்குமுன் முதற்பணியை முடித்துவிடலாம். அதைச் செய்ய மறுத்துப் பாலத்தைப் பற்றி மட்டும் பேசுவது, உழவரை மீண்டும் காத்திருக்கச் சொல்வதாகும்.