பரோட்டாவுக்கு மாத்திரை பரிகாரமல்ல

மாரடைப்பு என்றால் பல வருடக் கொலஸ்ட்ரால் கணக்கு என்றே நினைக்கிறோம். ஒரே ஒரு வேளைச் சாப்பாடும் ரத்தக் குழாயைத் தொட்டுவிடும் என்று 1997-லேயே அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் காட்டினார்கள். ஆரோக்கியமான 10 பேருக்கு 50 கிராம் கொழுப்புள்ள 900 கலோரி உணவைக் கொடுத்தார்கள். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, சில நிமிடம் ரத்தத்தை நிறுத்தி, தளர்த்தியதும் தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளந்தார்கள். சாப்பிடும் முன் 21 சதவீதம் விரிந்த தமனி, சாப்பிட்டு நான்கு மணி நேரம் ஆன பிறகும் அதில் பாதிதான் விரிந்தது. கொழுப்பே இல்லாத 900 கலோரி உணவில் இந்தச் சரிவு இல்லை.

தமனியை விரியச் செய்வது அதன் உட்சுவரில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. சாப்பாட்டின் கொழுப்பு ரத்தத்தில் ஓடும் நேரத்தில் உண்டாகும் ஃப்ரீ ரேடிக்கல்கள் இந்த நைட்ரிக் ஆக்சைடை அழிக்கின்றன என்பது மருத்துவர்களின் விளக்கம். அதற்குச் சான்றாக, அதே குழு 20 பேருக்குச் சாப்பாட்டுக்கு முன், ஃப்ரீ ரேடிக்கல்களை அடக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட்களான 1 கிராம் வைட்டமின் சி-யும் 800 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்தது. தமனி பழையபடி விரிந்தது.

அப்படியானால் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். மருந்துக் கடைகளில் அவை விற்பதும் இந்த நம்பிக்கையில்தான். ஆனால் பிரிட்டனில் 20,536 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் கொடுத்த ஆய்வு 2002-ல் வெளியானபோது, அவர்களிடம் மாரடைப்பும் மரணமும் குறையவில்லை என்று தெரிந்தது. ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் சாப்பிட்டதில் நுரையீரல் புற்றுநோய் கூடியது. சில மணி நேரம் தமனியைக் காப்பது வேறு, ஆயுளைக் காப்பது வேறு.

பத்துப் பேரை வைத்துச் செய்த ஆய்வை நம்பி ஊர்ச் சாப்பாட்டைக் குறை சொல்வதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த எண்களை அப்படியே நம் தட்டுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனால் வாரம் முழுக்க ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் என்றால், அந்தச் சில மணி நேரச் சரிவு தினமும் திரும்பி வருகிறது. நம் தாத்தாக்கள் நெய்யும் பாலும் சாப்பிட்டு நன்றாக இருந்தார்களே என்பவர்களுக்கு ஒன்று: அவர்கள் பொழுதெல்லாம் உடம்பு வணங்கி உழைத்தார்கள். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் தமனி தேறுகிறது என்று சிறு ஆய்வுகள் சொல்கின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் யாரும் கைவிட வேண்டியதில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது தண்ணீர்தான் போகிறது, கொழுப்பு அப்படியே நிற்கிறது, கூடவே சர்க்கரையும் சேர்கிறது. இதை மனதில் வைத்து, வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு கால் கிலோ பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்தால் போதும்.

ஆன்டி ஆக்ஸிடன்ட்கள் மாத்திரையாக அல்ல, காயும் பழமுமாகத் தட்டிலேயே வர வேண்டும். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது; நார்ச்சத்தும் பொட்டாசியமும் சேர்ந்தே வருகின்றன, மாத்திரையில் அவை வருவதில்லை. ராஜபாளையம் நூற்பாலைகளின் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: இரவு ஷிஃப்ட் கேன்டீனில் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்து, ஆளுக்கு ஒரு கொய்யாவும் ஒரு கிண்ணம் காயும் வையுங்கள்.