பெயர் மட்டும் மிஞ்சிய மீன்

மீன் பிடிப்பவரையே மீனுக்குக் காவல் வைப்பதென்றால், பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாக அல்லவா இருக்கிறது? ஆயினும் அமெரிக்காவின் ஆற்றங்கரை ஊர்கள் சிலவற்றில் வாரக் கடைசியில் நடக்கும் தூண்டில் விழாக்களின் உட்பொருள் அதுதான். சிறுவர்கள் இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பொய் ஈ கட்டப் பழகுகிறார்கள். பெரியவர்கள் ஆற்றைக் காக்க நிதி திரட்டுகிறார்கள்.

இந்த அக்கறை எப்படிப் பிறந்தது? மிச்சிகன் மாகாணத்தில் ஆ ஸேபிள் என்னும் நதிக்கரையில் கிரேலிங் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே ஏராளமாக இருந்த மீனின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டை வெட்டி, மரங்களை ஆற்றோடு மிதக்க விட்டார்கள். மீன் முட்டையிடும் சரளைப் படுகை சிதைந்தது. நிழல் போய் நீர் சூடேறிற்று. தூண்டில்காரர்களோ கூடை கூடையாய் வாரினார்கள். 1930-களில் அம்மாகாணத்தில் அந்த மீன் இனமே அற்றுப் போயிற்று. ஊர்ப் பெயர் மட்டும் நின்றது!

1959-இல் அதே நதிக்கரையில் கூடிய தூண்டில்காரர் 16 பேர் 'ட்ரௌட் அன்லிமிடெட்' என்ற சங்கத்தை ஆரம்பித்தனர். பண்ணையில் வளர்த்த மீனைக் கொண்டுவந்து கொட்டுவதைவிட, ஆற்றைக் குளிர்ச்சியும் தூய்மையுமாக வைப்பதே மேல் என்பது அவர்கள் கொள்கை. கிரேலிங்கை மீண்டும் குடியேற்றவும் 2016 முதல் மாகாண அரசாங்கமும் பூர்வகுடி மக்களும் சேர்ந்து முயன்று வருகிறார்கள்.

தன் பிழையைத் தானே அழித்துத் திருத்தும் மாணவனை ஆசிரியர்களாகிய நாம் மெச்சுகிறோம். ஓர் ஊர் அவ்விதம் செய்தால், அதுவன்றோ உண்மையான திருவிழா!