சிலிண்டரில் எழுதியிருக்கும் தவணை

வெளிமாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நம்மவர் வீடுகளில் அரிசியின் விலையை அறியாதவர் இல்லை. பருப்பைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கும் இல்லத்தரசியும் இல்லை. ஆனால் அடுக்களை மூலையில் நிற்கும் எரிவாயு சிலிண்டருக்கு எத்தனை நாள் தவணை என்று வினவினால், பெரும்பாலான வீடுகளில் விடை கிடைப்பதில்லை. ஆகவே இம்மாதம் இப்பகுதியில் அதனைப் பற்றியே எழுதுகிறேன்.

சிலிண்டர் நம் வீட்டுக் குடத்தைப் போல நமக்கு உடைமையான பொருளன்று. எண்ணெய் நிறுவனத்திடம் காப்புத் தொகை கட்டி இரவலாகப் பெற்றிருக்கும் பாத்திரம் அது. இரவல் பொருளுக்குத் தவணை உண்டு. அத்தவணை அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. மேல் வளையத்தைத் தாங்கி நிற்கும் இரும்புப் பட்டைகளுள் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் காணப்படும். ஏ என்பது மார்ச் மாத முடிவையும், பி என்பது ஜூன் முடிவையும், சி என்பது செப்டம்பர் முடிவையும், டி என்பது டிசம்பர் முடிவையும் குறிக்கும். இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். பி-28 என்றிருந்தால், 2028 ஜூன் இறுதிக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போயாக வேண்டும் என்பது பொருள்.

இதனை வாயு கெட்டுப்போகும் தேதி என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. வாயு கெடுவதில்லை. அதனைச் சுமக்கும் எஃகு துருப்பிடிக்கும், வால்வு தேயும், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் வெடிக்கும். ஆதலின் புதிய சிலிண்டரைப் பத்து ஆண்டுகள் கழித்தும், பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையும் சோதித்துப் பார்க்கின்றனர். தவணை கடந்த சிலிண்டர் வாயிலுக்கு வருமானால் அதனை வாங்க மறுத்து வேறொன்று கேட்பது நம் உரிமை. இந்தியோ மராத்தியோ சரளமாக வராதே என்று நம் சகோதரிகள் தயங்க வேண்டுவதில்லை. எழுத்தையும் எண்ணையும் விரலால் சுட்டிக் காட்டினாலே சிலிண்டர் கொண்டு வந்தவருக்கு விளங்கிவிடும்.

அவ்வேளையில் வேறு இரண்டையும் கவனிக்கலாம். ஒன்று எடை. சிலிண்டரின் வெற்றெடை அதன் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும், அதனுடன் 14.2 கிலோ சேர்ந்தால் நிறைந்த சிலிண்டரின் எடை. மற்றொன்று வால்வு. மூடியைக் கழற்றிச் சிறிது நீர் விட்டுப் பார்த்தால், கசிவு இருப்பின் குமிழி எழும். இவ்விரண்டையும் கொண்டு வந்தவரே செய்து காட்ட வேண்டும் என்று கேட்பதில் குற்றமில்லை.

வீட்டினுள் வைக்கும் முறைக்கு வருவோம். இந்த வாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. எனவே கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும். ஓர் அறையே வீடாக வாழும் குடும்பங்களில் சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைக்கும் வழக்கம் உண்டு. இது பேரபாயம். படுக்க வைத்தால் வாயு வருவதற்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும். ஒரு பங்கு திரவம் ஏறக்குறைய 250 பங்கு வாயுவாக விரியும் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் விளைவு தெரியும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அருகில் சன்னலோ வாயிலோ இருக்க வேண்டும். ரப்பர் குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றதாக இருத்தல் அவசியம். ஐந்து ஆண்டுகள் கடந்ததும், அல்லது அதற்கு முன்னரே வெடிப்புக் கண்டால் அன்றே, குழாயை மாற்றிவிட வேண்டும். குழாய்க்குத் துணி சுற்றி அழகு செய்வது வெடிப்பை மறைக்கும் செயலேயாகும்.

இவ்வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை நாம் அறியும் பொருட்டே நாற்றமுள்ள மெர்காப்டன் என்னும் பொருளை அதில் சேர்க்கின்றனர். அந்த நாற்றம் வந்தால் மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எரியும் விளக்கு, ஊதுவத்தி எதுவாயினும் உடனே அணைக்க வேண்டும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, சிலிண்டரின் வால்வுக்குப் பாதுகாப்பு மூடியைப் பொருத்தி, குழந்தைகளுடன் வெளியேற வேண்டும். வெளியே வந்த பிறகு 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். நாடெங்கும் இரவு பகல் எந்நேரமும் இயங்கும் அவசர எண் அது. கசிவைத் தேடத் தீக்குச்சி கிழிப்பதை மட்டும் கனவிலும் நினைக்கலாகாது. சோப்பு நீரே அதற்குப் போதும்.

இனி, ரயில்வே குமாஸ்தா என்னும் முறையில் நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மாற்றல் உத்தரவு வந்ததும் பாத்திர பண்டங்களுடன் சிலிண்டரையும் மூட்டை கட்டும் அன்பர்கள் இருக்கின்றனர். "காலிச் சிலிண்டர்தானே" என்பது அவர்கள் கூறும் சமாதானம். காலி என்று நாம் கருதும் சிலிண்டரிலும் வாயு மிஞ்சியிருக்கும். 2023 ஆகஸ்டு 26 அதிகாலையில் மதுரை நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி, உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்த 9 பேர் மாண்டனர். விதிக்குப் புறம்பாக உள்ளே கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரே காரணம் என்று ரயில்வே நிர்வாகம் அறிவித்தது. காப்பி போட்டுக் குடிக்க வேண்டும் என்னும் சிறு ஆசை, வீடு திரும்பாத பயணமாக முடிந்தது. அபாயப் பொருளை ரயிலில் கொண்டு வருவோருக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. தண்டனையை விடவும், அதே பெட்டியில் உறங்கும் பிறர் குழந்தைகளை நினைப்பதே நம்மைத் தடுக்கப் போதுமானது.

அவ்வாறு சுமந்து செல்லத் தேவையும் இல்லை. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் முகவரிடம் ஒப்படைத்தால், காப்புத் தொகையைத் திருப்பித் தந்து டெர்மினேஷன் வவுச்சர் என்னும் சான்றும் தருவர். புதிய ஊரில் அதனைக் காட்டிக் காப்புத் தொகை கட்டினால் இணைப்புக் கிடைக்கும். அடுப்பு நம்முடையது, அதனை உடன் கொண்டு செல்லலாம்.

புதிதாக வந்திறங்கி முகவரிச் சான்று இல்லாது தவிப்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களே பெரும்பாலும் சந்துக் கடைகளில் முத்திரையற்ற குட்டிச் சிலிண்டரை வாங்கி, பெரிய சிலிண்டரிலிருந்து களவாக வாயு மாற்றித் தரும் இடங்களில் நிரப்பிக் கொள்கின்றனர். அதில் தவணையும் இல்லை, சோதனையும் இல்லை. நிரப்பும் இடமே தீக்கு இரையாகக் கூடியது. அடையாளச் சான்று ஒன்றை மட்டும் காட்டி வாங்கத்தக்க ஐந்து கிலோ சிலிண்டரை எண்ணெய் நிறுவனங்கள் 2013ஆம் ஆண்டு முதல் விற்று வருகின்றன. முகவர்களிடமும் சில பெட்ரோல் நிலையங்களிலும் அது கிடைக்கும். இச்செய்தியை அறியாத புதுக்குடும்பம் உங்கள் தெருவில் இருக்குமாயின், அன்புகூர்ந்து அறிவியுங்கள்.

இதழைப் படித்து முடித்ததும் அடுக்களைக்குச் சென்று அந்த எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். குழாய் மாற்றிய மாதத்தையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான். ஊர் விட்டு ஊர் வந்து பாடுபடுவது நம் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அன்றோ?