வெள்ளத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

மழை யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. மழை பெய்ததற்காக எந்த அதிகாரியையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பெய்த மழை போக வழியில்லாமல் ஏழையின் வீட்டுக்குள் புகுந்ததே, அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்ற கேள்வி 2005-ம் ஆண்டு மும்பையில் எழுந்தது. நேரான பதில்தான் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு ஜூலை 26-ந்தேதியை தாராவி, சயான், குர்லா, கலினா பக்கத்துத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பதிவாயிற்று. அதே நாளில் நகரின் தென்கோடியில் உள்ள கொலாபாவில் பெய்ததோ 73 மில்லி மீட்டர்தான். கோட்டைப் பகுதி ஆபீசில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்கு, வீட்டில் மனைவி மக்கள் கழுத்தளவு தண்ணீரில் தவிப்பது தெரியாது. ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் லோக்கல் வண்டிகள் நின்று போன சேதி தெரிந்தது. போன் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பிளாட்பாரத்திலேயே இரவைக் கழித்தார்கள். இன்னும் பலர் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். மகாராஷ்டிரம் முழுவதும் அந்த மழைக்குப் பலியானவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம்.

தண்ணீர் மட்டும் கொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, ஜூஹு நேரு நகர் குடிசைப் பகுதியில், அணை உடைந்து விட்டது என்றும் கடல் பொங்கி வருகிறது என்றும் இரவில் ஒரு புரளி கிளம்பியது. பயந்து ஓடிய ஜனங்கள் நெரிசலில் சிக்கி, பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். சரியான செய்தி சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த உயிர்களாவது மிஞ்சியிருக்கும்.

"இப்படி ஒரு மழையை யார் எதிர்பார்த்தார்கள்?" என்று அதிகாரிகள் கேட்டார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 944 மில்லி மீட்டர் மழையை உடனே வடிய வைக்கும் சாக்கடை எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் விஷயம் அதோடு முடிந்து விடவில்லை.

மும்பையின் மழைநீர்க் கால்வாய்கள் வெள்ளைக்காரன் காலத்தவை. மணிக்கு 25 மில்லி மீட்டர் மழையைத் தாங்கும் கணக்கில் அமைந்தவை. 1985-ல் ஒரு பெருமழை நகரத்தை முழுக்காட்டிய பிறகு, இது போதாது என்று உணர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள். 'பிரிம்ஸ்டோவாட்' என்ற அந்தத் திட்ட அறிக்கை 1993-ல் வந்தது. மணிக்கு 50 மில்லி மீட்டர் மழையைத் தாங்கும்படி கால்வாய்களைப் பெரிதாக்க வேண்டும், 8 இடங்களில் நீரேற்று நிலையம் அமைக்க வேண்டும் என்று அது சொன்னது. செலவு சுமார் 600 கோடி ரூபாய். பணம் அதிகம் என்று திட்டம் கிடப்பில் கிடந்தது. 12 வருஷம் கழித்து வெள்ளம் வந்தது. அதன் பிறகு அதே திட்டத்தைத் தூசி தட்டி எடுத்தபோது செலவு 1,200 கோடி ஆகியிருந்தது. 2019 வரையிலும் கூட 8 நிலையங்களில் 6-தான் ஓடத் தொடங்கின.

மித்தி நதியின் கதையும் இதுதான். விகார், போவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இந்த ஆற்றின் வழியாகத்தான் மாகிம் கடற்கழியில் கலக்கிறது. விமான நிலைய ஓடுபாதைக்காக அதன் போக்கைத் திருப்பினார்கள். பாந்திரா-குர்லா வளாகத்துக்காக அதன் கரைச் சதுப்பைத் தூர்த்தார்கள். வெள்ளம் வந்ததும், ஆற்றை அடைத்தது குடிசைக்காரன்தான் என்று பழியைப் போட்டார்கள். குடிசைக்காரன் ஓரத்தில் பத்தடி பிடித்திருக்கலாம். ஓடுபாதையையும் அடுக்குமாடி ஆபீஸ்களையும் அவனா கட்டினான்? அவற்றுக்கு வரைபடம் உண்டு, அனுமதி உண்டு, அனுமதியின் கீழே கையெழுத்து உண்டு.

வெள்ளத்துக்குப் பிறகு மாநில அரசு மாதவ் சித்தலே தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. மத்திய நீர்வளத் துறைச் செயலாளராக இருந்தவர். உலகம் அறிந்த நீர் நிபுணர். 2006-ல் அறிக்கை கொடுத்தார்கள். கால்வாயின் குறை, ஆற்றின் குறை எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது உண்மை அறியும் கமிட்டி. யார் கடமை தவறினார்கள் என்று தீர்ப்புச் சொல்லும் இடம் அல்ல. 1993 முதல் 2005 வரை அந்த ஃபைல் யார் யார் மேஜையில் எத்தனை நாள் தூங்கியது என்று பொதுமக்களுக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை.

அந்தக் காலத்தில் மந்திரியே பதவி விலகியது உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். விபத்துக்கு அவர் பொறுப்பு என்பதால் அல்ல, முறைமைக்காகவே ஏற்கிறேன் என்ற கருத்தில்தான் பிரதமர் நேரு அதை ஏற்றார். சாஸ்திரியின் பெருமை பெருமைதான். ஆனாலும் மந்திரி போய் விட்டால் எல்லாம் முடிந்தது என்று ஆகாது. பாலத்தைப் பார்க்க வேண்டியவர் பார்த்தாரா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்க ரயில்வேயில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெரிய விபத்து நடந்தால் ரயில் பாதுகாப்பு கமிஷனர் விசாரணைக்கு வருவார். அவர் ரயில்வே மந்திரியின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். சாட்சி சொல்ல வரலாம் என்று பொதுமக்களுக்கும் நோட்டீஸ் போடுவார்கள். பொறுப்பு யாருடையது என்று அறிக்கையில் எழுதியாக வேண்டும். இதிலும் குறை உண்டு. பாயிண்ட்ஸ்மேனையும் கேங்மேனையும் சஸ்பெண்ட் செய்து விட்டு, ஆள் பலத்தைக் குறைத்த பெரியவர்களை விட்டு விடுவதாகத் தொழிலாளர்கள் குறைப்படுவது புதிதல்ல. ஆனால் கேள்வி கேட்க ஓர் இடமாவது இருக்கிறது. வெள்ளத்துக்கு அதுகூட இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 56-வது பிரிவின்படி, காரணமோ மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியோ இல்லாமல், தனக்கிட்ட கடமையைச் செய்ய மறுக்கும் அதிகாரிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால் 59-வது பிரிவு, வழக்குப் போட அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. அரசாங்க அதிகாரி மேல் வழக்குப் போட அரசாங்கத்தையே கேட்க வேண்டும்! அது போகட்டும். வெள்ளத்தன்று வேலைக்கு வராமல் ஓடியவனை இந்தச் சட்டம் பிடிக்கும். 12 வருஷம் ஃபைலின் மேல் உட்கார்ந்திருந்தவர் தினமும் வேலைக்கு வந்தவர்தானே? அவரை எப்படிப் பிடிக்கும்?

கண்டுபிடிக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. 2025 மே மாதம் மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு ஒரு வழக்குப் பதிவு செய்தது. மித்தி நதியில் தூர் வாரியதாகப் பொய்க் கணக்குக் காட்டி சுமார் 65 கோடி ரூபாய் மோசடி நடந்ததாக மாநகராட்சி அதிகாரிகள், காண்ட்ராக்டர்கள் மேல் புகார். குற்றமா இல்லையா என்று சொல்ல வேண்டியது கோர்ட்டு. ஆனால் ஒன்று தெரிகிறது. எந்த பில்லில் யார் கையெழுத்து என்று தேடினால் கிடைக்கிறது. பணம் போனால் தேட முடிகிற கையெழுத்தை, உயிர் போனால் தேட முடியாதா?

எனவே கேட்க வேண்டியது இதுதான். பெரும் வெள்ளமோ புயலோ உயிர்ச்சேதம் விளைவித்தால், ரயில் விபத்துக்கு உள்ளதுபோல் தனி விசாரணை வேண்டும். விசாரிப்பவர் அந்த அரசாங்கத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. அறிக்கையை இத்தனை மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்று கெடு வேண்டும். முன்பு கொடுத்த யோசனைகளை யார், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காகத் தள்ளி வைத்தார்கள் என்று பதவியும் பெயருமாக அதில் இருக்க வேண்டும். நேர்மையாக முடிவெடுத்துத் தவறிப் போனவரைத் தண்டிக்க வேண்டாம். முடிவே எடுக்காதவர் தப்பக் கூடாது.

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டினால் வார்டு ஆபீசைக் கேட்கலாம். நம் தெரு நாலாவை இந்த ஆண்டு எப்போது தூர் வாரினீர்கள், எத்தனை லாரி மண் எடுத்தீர்கள், பில்லில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவை இங்கிலீஷ், இந்தி, மராத்தி மூன்றில் எதிலும் எழுதலாம். நமக்கு எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதும். இதையெல்லாம் மே மாதமே கேட்க வேண்டும். ஜூலையில் கேட்டுப் பயனில்லை.

பிழைக்க வந்த ஊர்தானே, நமக்கேன் வம்பு என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. வெள்ளம் ஊர்க்காரன் வீடு, வந்தவன் வீடு என்று பார்த்து நுழையவில்லை. வரி கட்டுகிறவனுக்கும் ஓட்டுப் போடுகிறவனுக்கும் கேட்கும் உரிமை உண்டு. மழைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. போட்டவர்கள் பதில் சொல்லட்டும்.