கால் வீக்கமும் சிறுநீரும்

மாலையிற் பாதம் வீங்குகின்றது. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ நேரிடுகின்றது. நம் இல்லத்து முதியோர் முன்னதற்கு நெடுநேரம் நின்றமையையும் பின்னதற்கு முதுமையையும் காரணங் காட்டி அமைந்துவிடுவர். ஆயின், இவ்விரண்டும் ஒரே நோயின் இரு குறிகளாக இருத்தலுங் கூடும். இதனையே இவ்வாரம் நாம் நோக்குவோம்.

இலண்டனில் கைஸ் ஆஸ்பத்திரி வைத்தியராயிருந்த றிச்சட் பிறைற் என்பார் 1827ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். உடல் வீங்கிய நோயாளர் சிலரின் சிறுநீரைக் காய்ச்சியபோது அது முட்டை வெண்கருவைப் போலத் திரைந்ததையும், அன்னோர் இறந்தபின் அவர்தஞ் சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்ததையும் அந்நூலில் எடுத்துக் காட்டினார். வீக்கத்தின் வேர் சிறுநீரகத்தில் இருத்தல் கூடும் என்பது அதனாற் புலனாயிற்று.

நலமுள்ள சிறுநீரகம் இரத்தத்திலுள்ள புரதத்தை வெளியே விடாது. நீரிழிவினாலோ உயர் இரத்த அழுத்தத்தினாலோ அது பழுதுறின், புரதம் சிறுநீரோடு கழியும், சிறுநீர் நுரைக்கும். உப்பும் நீரும் உடலில் தங்கிவிடும். காலையிற் கண்ணிமையும் மாலையிற் காலும் வீங்கும்.

இதயந் தளர்ந்தாலும் காலில் நீர் தேங்கும். படுத்ததும் அந்நீர் இரத்தத்தில் மீண்டுங் கலக்க, சிறுநீரகம் அதனை இரவில் வெளியேற்றுகின்றது. உறக்கங் கலைவது இதனாலேயே. படியேறுகையில் மூச்சு வாங்குதலும், தலையணையை உயர்த்தாது படுக்க இயலாமையும் இதனோடு சேரின் ஐயம் வலுக்கும். ஈரல் நோயும், இரத்த அழுத்தத்திற்கும் மூட்டு வலிக்கும் உண்ணும் சில மாத்திரைகளுங் கூட வீக்கந் தரும். முதிய ஆடவர்க்குச் சிறுநீர் தடைப்பட்டுச் சொட்டுச் சொட்டாகப் போகுமாயின், சிறுநீர்ப்பையின் கீழுள்ள சுரப்பி பருத்திருத்தல் கூடும். அத்தடை நீடிப்பின் சிறுநீரகமுங் கெடும்.

ஒரு கால் மட்டுந் திடீரென வீங்கி நோவெடுப்பின், ஆழ்ந்த நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அக்கட்டி நுரையீரலைச் சென்றடையின் உயிர்க்கே இடர். மூச்சுத் திணறலோடு கூடிய வீக்கமும், கருவுற்ற மகளிர்க்குத் தலைவலியோடும் கண் மங்கலோடும் முகங் கைகளில் வரும் வீக்கமும் அத்தகையனவே. இவற்றுக்கு அன்றே ஆஸ்பத்திரி செல்லல் வேண்டும்.

வீக்கம் இல்லையெனின் நோயும் இல்லையென்று எண்ணற்க. 1990களில் நம் நாட்டின் வடமத்திய மாகாணத்தில் வெளிப்பட்ட சிறுநீரக நோய், பல்லாண்டு குறியேதுங் காட்டாது முற்றும் இயல்பினது. சிறுநீர்ச் சோதனையும் இரத்தச் சோதனையும் இரத்த அழுத்தம் பார்த்தலுமே உண்மையை வெளிப்படுத்தும்.

நெருஞ்சிற் குடிநீரை அருந்தி மாதக் கணக்கிற் காத்திருத்தலும், வைத்தியரைக் கேளாது தண்ணீரைக் குறைத்தலும் தகா. சிறுநீரைப் பற்றிப் பேச முதியோர் நாணுவர். மாணவர்களே, உங்கள் பாட்டனார் நாணத்தால் மறைப்பதை நீங்கள் அன்போடு கேட்டறியுங்கள். அவர்தங் கணுக்காலின் மேலே பெருவிரலாற் சிறிது நேரம் அழுத்திப் பாருங்கள். குழி மறையாது நிற்குமாயின், வைத்தியரிடம் அழைத்துச் செல்லத் தாமதியாதீர்கள்.